வெளிநாட்டில் வங்கி கார்டு: கட்டணம் நுழையும் நான்கு திரைகள்

திருவள்ளூர் மாவட்டத்தின் தொழிற்பகுதிகளுக்கும் வெளிநாடுகளுக்கும் உள்ள தொடர்பு புதிதல்ல. தேர்வாய்கண்டிகை சிப்காட்டில் பிரான்ஸ் நாட்டின் மிச்செலின் டயர் தொழிற்சாலை இயங்குகிறது. திருவள்ளூர் அருகே அமெரிக்காவின் கேட்டர்பில்லர் நிறுவனம் உள்ளது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஒரு காலத்தில் மிட்சுபிஷி லேன்சர் கார்களைத் தயாரித்த தொழிற்சாலையில், இப்போது சிட்ரோயன் கார்கள் தயாராகின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ பல வகை உற்பத்திப் பிரிவுகள் இருக்கின்றன. இது போன்ற பகுதிகளில் பணியாற்றும் இளைஞர்களுக்கு, பயிற்சிக்காகவோ புதிய இயந்திரத்தைச் சோதித்துப் பார்க்கவோ 15 நாள், ஒரு மாதம் என வெளிநாடு செல்லும் வாய்ப்பு வருவதுண்டு.

விசா, டிக்கெட், தங்குமிடம் ஆகியவற்றை நிறுவனம் பார்த்துக் கொள்ளும். சாப்பாடு, பஸ், ரயில், சிறு செலவுகள் ஆகியவற்றை நம் கார்டில்தான் செய்ய வேண்டியிருக்கும். முன்பெல்லாம் இதற்கு டிராவலர்ஸ் செக் வாங்கிச் செல்வார்கள். இன்று அந்த இடத்தை டெபிட் கார்ட், கிரெடிட் கார்ட், பாரக்ஸ் கார்ட் ஆகியவை பிடித்துவிட்டன. வசதி கூடியிருக்கிறது. அதே சமயம் கண்ணுக்குத் தெரியாத கட்டணங்களும் கூடியிருக்கின்றன. கவனிக்காமல் விட்டால், மிச்சம் பிடித்து வீட்டிற்கு அனுப்ப நினைத்த தினப்படியில் ஒரு பகுதி இந்தக் கட்டணங்களுக்கே போய்விடும்.

இந்தக் கட்டணங்களில் பெரும்பாலானவை நம்மைக் கேட்டுவிட்டுத்தான் எடுக்கப்படுகின்றன. கேள்வி ஒரு திரையில் வருகிறது. நாம் அவசரத்தில் பட்டனை அழுத்திவிடுகிறோம். வங்கியின் மொபைல் ஆப், வெளிநாட்டு ஏ.டி.எம்., கடையில் உள்ள ஸ்வைப் மெஷின், கார்டின் ஸ்டேட்மென்ட் என மொத்தம் நான்கு திரைகள். இவற்றைப் படிக்கத் தெரிந்து கொண்டால் தேவையற்ற கட்டணங்களில் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடலாம். முதலில் கட்டணங்கள் எவை எனப் பார்க்கலாம்.

கட்டணம் எப்படிச் சேர்கிறது?

பாரிஸ் நகரில் ஒரு கடையில் 100 யூரோவிற்கு கார்டைத் தேய்க்கிறீர்கள். விசா அல்லது மாஸ்டர்கார்ட் நிறுவனம், தன் அன்றைய மாற்று விகிதத்தில் யூரோவை ரூபாயாக மாற்றி உங்கள் வங்கிக்கு அனுப்புகிறது. அதன் மேல் உங்கள் வங்கி ஒரு சதவீதத்தைச் சேர்க்கிறது. இதற்கு பாரின் கரன்சி மார்க்அப் என்று பெயர். பெரும்பாலான கார்டுகளில் இது 2 முதல் 3.5 சதவீதம் வரை இருக்கும். இந்த மார்க்அப் தொகைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. எனவே 3.5 சதவீதம் என்பது உண்மையில் 4.13 சதவீதம் ஆகும்.

ஏ.டி.எம்.மில் பணம் எடுத்தால், மார்க்அப்புடன் ஒவ்வொரு முறையும் ஒரு நிலையான கட்டணமும் உண்டு. பல இந்திய வங்கிகளில் இது 100 முதல் 150 ரூபாய் வரை இருக்கிறது. இதற்கும் ஜி.எஸ்.டி. தனி. பேலன்ஸ் பார்ப்பதற்குக்கூடப் பல வங்கிகள் சிறு தொகையை எடுத்துக் கொள்கின்றன. இவை தவிர, அந்த ஏ.டி.எம்.மை வைத்திருக்கும் வெளிநாட்டு வங்கியும் தன் பங்கிற்குக் கட்டணம் கேட்கலாம். தாய்லாந்தில் வெளிநாட்டு கார்டுகளுக்கு ஒரு முறைக்கு 220 பாட் என்பது பல ஆண்டுகளாகப் பயணிகள் அறிந்த கட்டணமாக இருந்தது.

அடுத்ததாக டைனமிக் கரன்சி கன்வெர்ஷன், சுருக்கமாக டி.சி.சி. கடைக்காரரின் மெஷினோ ஏ.டி.எம்.மோ, "உங்கள் ரூபாயிலேயே செலுத்துகிறீர்களா?" என்று கேட்கும். சம்மதித்தால், ரூபாய்க்கு மாற்றும் வேலையை விசாவோ மாஸ்டர்கார்டோ செய்யாது. கடைக்காரருக்கு மெஷின் கொடுத்த வங்கி அல்லது நிறுவனம் தன் விகிதத்தில் மாற்றும். அந்த விகிதம் பெரும்பாலும் நமக்கு நஷ்டமாகவே இருக்கும். மேலும், டி.சி.சி. முறையில் ரூபாயில் வந்த தொகைக்கும் தனியாக 1 சதவீதம் அளவில் கட்டணம் விதிக்கும் இந்திய வங்கிகள் உண்டு. ரூபாயில் செலுத்தியதால் மார்க்அப் இல்லை என்று நாம் நினைத்துக் கொண்டிருப்போம். ஆனால் இரண்டு பக்கமும் கட்டியிருப்போம்.

எந்த கார்டை எடுத்துச் செல்வது?

டெபிட் கார்ட்: ஏ.டி.எம்.மில் பணம் எடுக்க ஏற்றது. ஆனால் பணம் நேராகச் சேமிப்புக் கணக்கிலிருந்து போகிறது. எனவே சம்பளக் கணக்கின் கார்டை எடுத்துச் செல்லாமல், பயணச் செலவுக்கு மட்டும் பணம் வைத்த வேறொரு கணக்கின் கார்டை எடுத்துச் செல்வது பாதுகாப்பு.

கிரெடிட் கார்ட்: கடை, ஹோட்டல், ரயில் டிக்கெட் ஆகியவற்றிற்கு ஏற்றது. ஹோட்டலில் முன்பணமாக ஒரு தொகையை பிளாக் செய்வார்கள். டெபிட் கார்டைக் கொடுத்தால் அந்த அளவிற்குக் கையில் உள்ள பணமே முடங்கிவிடும். கிரெடிட் கார்டில் லிமிட் மட்டும் குறையும். ஆனால் கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுக்கவே கூடாது. ரொக்கத்திற்கு 2.5 சதவீதம், குறைந்தபட்சம் 500 ரூபாய் என்பது பல கார்டுகளில் உள்ள கட்டணம். எடுத்த நாளிலிருந்தே வட்டியும் ஓடத் தொடங்கும். பொருள் வாங்கினால் கிடைக்கும் வட்டியில்லா நாட்கள் ரொக்கத்திற்குக் கிடையாது.

பாரக்ஸ் கார்ட்: புறப்படும் முன்னரே யூரோ, டாலர், யென் என ஏற்றிக் கொள்ளும் பிரீபெய்ட் கார்ட். ஏற்றிய நாளின் விகிதமே நிலைக்கும். ரூபாய் மதிப்பு சரிந்தாலும் கவலை இல்லை. ஏற்றிய கரன்சியிலேயே செலவு செய்தால் மார்க்அப் இல்லை. ஆனால் யூரோ ஏற்றிய கார்டை ஸ்விட்சர்லாந்தில் தேய்த்தால் அங்கு பிராங்க் என்பதால் கிராஸ் கரன்சி கட்டணம் விழும். கார்ட் வழங்கும் கட்டணம், மீண்டும் பணம் ஏற்றும் கட்டணம், பல மாதம் பயன்படுத்தாவிட்டால் பிடிக்கும் கட்டணம் ஆகியவற்றையும் வாங்கும் முன் கேட்டுக் கொள்ளவும்.

மார்க்அப் இல்லாத கார்ட்: வெளிநாட்டுச் செலவிற்கு மார்க்அப் விதிக்காத கார்டுகளைச் சில வங்கிகள் இப்போது தருகின்றன. விளம்பரத்தை மட்டும் பார்க்காமல் வங்கியின் வெப்சைட்டில் உள்ள கட்டண அட்டவணையைத் திறந்து, ஆண்டுக் கட்டணம் என்ன, ஏ.டி.எம். கட்டணம் தனியாக உண்டா என்று பார்த்த பின் விண்ணப்பிக்கவும்.

ரூபே கார்ட்: உள்நாட்டில் மட்டும் செல்லும் ரூபே கார்ட் வெளிநாட்டில் செல்லாது. சர்வதேசப் பயன்பாட்டிற்கான ரூபே கார்ட் தனியாக உள்ளது. இது டிஸ்கவர், டைனர்ஸ் கிளப் போன்ற நெட்வொர்க்குகள் வழியே இயங்குகிறது. கையில் உள்ளது எந்த வகை என்பதை வங்கியில் உறுதி செய்து கொள்ளவும்.

முதல் திரை: வங்கியின் மொபைல் ஆப்

ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வெளியிட்ட விதி, அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, புதிதாக வழங்கப்படும் கார்ட் இந்தியாவிற்குள் ஏ.டி.எம்.மிலும் ஸ்வைப் மெஷினிலும் மட்டுமே இயங்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நாம்தான் ஆன் செய்ய வேண்டும். இதனை அறியாமல் விமானம் ஏறிவிட்டு, இறங்கிய இடத்தில் கார்ட் மறுக்கப்பட்டுத் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னரே கீழ்க்கண்டவற்றைச் செய்திடவும்.

1. வங்கியின் மொபைல் ஆப் அல்லது இன்டர்நெட் பேங்கிங்கில் நுழைந்து, கார்ட் பிரிவிற்குச் செல்லவும். அங்கு மேனேஜ் கார்ட், கார்ட் கண்ட்ரோல் என்பது போன்ற பெயரில் ஒரு மெனு இருக்கும்.

2. அதில் டொமஸ்டிக், இன்டர்நேஷனல் என இரு பிரிவுகள் கிடைக்கும். இன்டர்நேஷனல் பிரிவில் ஏ.டி.எம்., ஸ்வைப் மெஷின், ஆன்லைன், கான்டாக்ட்லெஸ் ஆகியவற்றிற்குத் தனித்தனி சுவிட்சுகள் இருக்கும். தேவையானவற்றை மட்டும் ஆன் செய்திடவும்.

3. ஒவ்வொன்றிற்கும் தினசரி வரம்பை அமைக்கவும். ஏ.டி.எம்.மிற்கு 30,000 ரூபாய், கடைகளுக்கு 20,000 ரூபாய் என உங்கள் தேவையைப் பொறுத்து அமைக்கலாம். கார்ட் திருடு போனாலும் இழப்பு இந்த எல்லைக்குள் நிற்க இது உதவும்.

4. ஆன்லைன் சுவிட்சைத் தேவைப்படும் நாளில் மட்டும் ஆன் செய்யவும். நம் நாட்டு வெப்சைட்டுகள் ஓ.டி.பி. கேட்கும். வெளிநாட்டு வெப்சைட்டுகள் பல, கார்ட் எண், காலாவதி தேதி, பின்புற மூன்று இலக்க எண் ஆகியவை இருந்தாலே பணத்தை எடுத்துக் கொள்ளும்.

5. பின் எண்ணை ஒரு முறை உள்ளூர் ஏ.டி.எம்.மில் பயன்படுத்திச் சரிபார்க்கவும். ஐரோப்பாவில் ஆள் இல்லாத டிக்கெட் மெஷின்கள் பல, பின் எண் இல்லாமல் கார்டை ஏற்பதில்லை.

6. வங்கியில் பதிவு செய்துள்ள மொபைல் எண்ணிற்கு இன்டர்நேஷனல் ரோமிங் ஆன் செய்து கொள்ளவும். அங்கு சென்றதும் உள்ளூர் சிம்மைப் போட்டுவிட்டு நம் சிம்மைப் பர்சில் வைத்துவிட்டால் ஓ.டி.பி.யும் வராது, பணம் எடுக்கப்பட்டதற்கான எச்சரிக்கையும் வராது. இரண்டு சிம் போனில் இரண்டையும் வைத்திருப்பதே நல்லது.

7. வங்கியின் வாடிக்கையாளர் எண்களில், வெளிநாட்டிலிருந்து அழைப்பதற்கான எண் தனியாக இருக்கும். 1800 என்று தொடங்கும் எண்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து கிடைக்காது. சரியான எண்ணைக் காகிதத்தில் எழுதி, பர்சில் அல்லாமல் பெட்டியில் வைக்கவும்.

இரண்டாம் திரை: வெளிநாட்டு ஏ.டி.எம்.

முதலில் எந்த ஏ.டி.எம். என்று பார்க்க வேண்டும். விமான நிலையத்திலும் சுற்றுலா இடங்களிலும் உள்ள, வங்கி சாராத தனியார் ஏ.டி.எம்.களைக் கூடுமானவரை தவிர்க்கவும். வங்கிக் கிளையின் சுவரில் உள்ள ஏ.டி.எம். நல்லது. கார்ட் சிக்கிக் கொண்டாலும் உள்ளே சென்று கேட்கலாம். ஜப்பானில் எல்லா ஏ.டி.எம்.களும் வெளிநாட்டு கார்டை ஏற்பதில்லை. செவன் லெவன் கடைகளில் உள்ள செவன் பேங்க் ஏ.டி.எம்., தபால் நிலைய ஏ.டி.எம். ஆகியவற்றில் பணம் எடுக்கலாம். தென் கொரியாவில் குளோபல் ஏ.டி.எம். என்று எழுதியிருப்பதைத் தேடவும்.

கார்டைச் செருகி பின் எண்ணைத் தந்தவுடன் கணக்கின் வகை கேட்கப்படலாம். டெபிட் கார்டிற்கு சேவிங்ஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். அது ஏற்கப்படவில்லை என்றால் செக்கிங் என்பதை முயற்சி செய்யலாம். பின்னர் ஏ.டி.எம்.மிற்கான கட்டணம் திரையில் காட்டப்படும். தொகை அதிகம் என்று தோன்றினால் கேன்சல் அழுத்தி கார்டை எடுத்துக் கொண்டு, வேறு வங்கியின் ஏ.டி.எம்.மைப் பார்க்கலாம்.

இனி வருவதுதான் முக்கியமான திரை. "100 யூரோ, மாற்று விகிதம் இவ்வளவு, உங்கள் கணக்கில் 10,600 ரூபாய் கழிக்கப்படும்" என்று காட்டி, கீழே இரண்டு பட்டன்கள் இருக்கும். ஒன்றில் அக்செப்ட் அல்லது வித் கன்வெர்ஷன். மற்றதில் டிக்லைன் அல்லது வித்தவுட் கன்வெர்ஷன். டிக்லைன் அழுத்தினால் பணமே வராது என்று பயந்து பலர் அக்செப்ட் அழுத்திவிடுகிறார்கள். அப்படி அல்ல. இந்தத் திரையில் டிக்லைன் என்பது ரூபாயாக மாற்றித் தருவதை மறுப்பது மட்டுமே. பணம் யூரோவில் வரும்; மாற்றும் வேலையை உங்கள் கார்ட் நெட்வொர்க் செய்யும். எனவே எப்போதும் டிக்லைன், வித்தவுட் கன்வெர்ஷன் என்பதையே அழுத்தவும்.

அடுத்து, அடிக்கடி சிறு தொகையாக எடுக்க வேண்டாம். நிலையான கட்டணம் ஒவ்வொரு முறையும் விழும். பேலன்ஸ் பார்க்க ஏ.டி.எம்.மைப் பயன்படுத்தாமல் மொபைல் ஆப்பில் பார்க்கவும். பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டால் ஏ.டி.எம். உள்ள இடம், நேரம், திரையில் வந்த செய்தி ஆகியவற்றைப் போட்டோ எடுத்து, ரசீதுடன் அன்றே உங்கள் வங்கிக்குத் தெரிவிக்கவும்.

மூன்றாம் திரை: கடையின் ஸ்வைப் மெஷின்

கடையிலும் அதே கேள்விதான். மெஷினின் சிறிய திரையில் ஐ.என்.ஆர்., ஈ.யு.ஆர். என இரு தொகைகள் காட்டப்படும். முதலாவது ரூபாய், இரண்டாவது யூரோ. நாம் அழுத்த வேண்டியது எப்போதும் அந்த நாட்டின் கரன்சி. சில கடைகளில் விற்பனையாளரே நமக்கு உதவுவதாக நினைத்து ரூபாயைத் தேர்ந்தெடுத்துவிடுவார். எனவே கார்டைத் தரும்போதே "யூரோவில் போடுங்கள்" என்று சொல்லிவிடவும்.

விசா, மாஸ்டர்கார்ட் விதிகளின்படி இந்தத் தேர்வு வாடிக்கையாளருடையது. ஐரோப்பிய யூனியனில் 2019ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, 2020 ஏப்ரல் முதல் இந்தக் கூடுதல் கட்டணத்தை முன்கூட்டியே காட்ட வேண்டும் என்று கூறுகிறது. ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்தைவிட இத்தனை சதவீதம் அதிகம் என்று காட்டப்பட வேண்டும். அந்தச் சதவீதத்தைப் பார்த்தாலே எந்த பட்டனை அழுத்துவது என்று தெரிந்துவிடும்.

ரசீதில் ஐ.என்.ஆர். என்று இருந்தால் கையெழுத்திட்டு வந்துவிட வேண்டாம். கடையை விட்டு வெளியேறும் முன், அந்தப் பரிமாற்றத்தை ரத்து செய்து உள்ளூர் கரன்சியில் மீண்டும் போடச் சொல்லவும். பிறகு வங்கியில் புகார் செய்வதைவிட இது எளிது.

இதே பிரச்சினை கம்ப்யூட்டர் திரையிலும் உண்டு. ஹோட்டல், விமான டிக்கெட் வெப்சைட்டுகள் சில, விலையை ரூபாயில் காட்டும். பணத்தைப் பெறும் நிறுவனம் வெளிநாட்டில் இருந்தால், ரூபாயில் கட்டினாலும் உங்கள் வங்கி அதற்குக் கட்டணம் விதிக்கலாம். வெப்சைட்டில் கரன்சியை மாற்றும் மெனு பெரும்பாலும் பக்கத்தின் மேலேயோ கீழேயோ இருக்கும். அதில் அந்த நாட்டுக் கரன்சியைத் தேர்ந்தெடுத்து, இரண்டு தொகையையும் ஒப்பிட்டுப் பார்த்த பின் பணம் கட்டவும்.

ஒரு கணக்கு

இப்போது கணக்கிட்டுப் பார்க்கலாம். எளிமைக்காக 1 யூரோ 100 ரூபாய் என்றும், ஒரு மாதச் செலவு 1,000 யூரோ, அதாவது 1,00,000 ரூபாய் என்றும் வைத்துக் கொள்வோம். மார்க்அப் 3.5 சதவீதம், ஏ.டி.எம். கட்டணம் 125 ரூபாய், டி.சி.சி. விகிதத்தில் 6 சதவீதம் கூடுதல் என்பவை நாம் இங்கு எடுத்துக் கொள்ளும் எடுத்துக்காட்டு எண்கள். வெளிநாட்டு வங்கியின் கட்டணத்தை இங்கு சேர்க்கவில்லை. ஒவ்வொரு வழியிலும் கூடுதலாகப் போகும் தொகை இதோ:

கிரெடிட் கார்டில் 100 யூரோ வீதம் 10 முறை ரொக்கம் எடுத்தால்: ரொக்கக் கட்டணம் ஜி.எஸ்.டி.யுடன் 5,900, மார்க்அப் 4,130. மொத்தம் 10,030 ரூபாய். வட்டி இதற்கு மேல்.

எல்லா இடத்திலும் ரூபாயில் செலுத்தச் சம்மதித்து, நம் வங்கியும் 1 சதவீதம் பிடித்தால்: சுமார் 7,250 ரூபாய்.

டெபிட் கார்டில் 100 யூரோ வீதம் 10 முறை எடுத்தால்: நிலையான கட்டணம் ஜி.எஸ்.டி.யுடன் 1,475, மார்க்அப் 4,130. மொத்தம் 5,605 ரூபாய்.

டெபிட் கார்டில் 500 யூரோ வீதம் 2 முறை எடுத்தால்: 295 கூட்டல் 4,130. மொத்தம் 4,425 ரூபாய்.

கடையில் யூரோவிலேயே கார்டைத் தேய்த்தால்: 4,130 ரூபாய். மார்க்அப் 2 சதவீதமே உள்ள கார்ட் என்றால் 2,360 ரூபாய்.

பாரக்ஸ் கார்டில் 1 யூரோவை 101.50 ரூபாய்க்கு வாங்கியிருந்தால்: விகிதத்தில் 1,500, கரன்சி மாற்றத்திற்கான ஜி.எஸ்.டி. சுமார் 181; கார்ட் கட்டணம் ஜி.எஸ்.டி.யுடன் 354. மொத்தம் சுமார் 2,035 ரூபாய்.

ஒரே நாடு, ஒரே செலவு. ஆனால் 2,000 ரூபாய்க்கும் 10,000 ரூபாய்க்கும் இடையில் எவ்வளவு போகும் என்பதை நாம் தேர்ந்தெடுக்கும் கார்டும் அழுத்தும் பட்டனும் முடிவு செய்கின்றன.

உங்கள் கார்டின் எண்களை வைத்து எக்ஸெல் ஒர்க்ஷீட்டில் இதே கணக்கைப் போடலாம். ஒவ்வொரு கார்டிற்கும் ஒரு படுக்கை வரிசை. முதல் நெடுவரிசையில் கார்டின் பெயர், அடுத்து மார்க்அப் சதவீதம், அடுத்து ஒரு முறைக்கான ஏ.டி.எம். கட்டணம், அடுத்து எத்தனை முறை எடுப்பீர்கள் என்பது. கடைசி நெடுவரிசையில், மொத்தச் செலவை மார்க்அப்பால் பெருக்கி, அதனுடன் ஏ.டி.எம். கட்டணத்தை முறைகளால் பெருக்கிக் கூட்டி, மொத்தத்தையும் 1.18 ஆல் பெருக்கவும். எந்த கார்ட் மலிவு என்பது தெரிந்துவிடும்.

யு.பி.ஐ. பயன்படுமா?

சில நாடுகளில், குறிப்பிட்ட கடைகளில் மட்டும் பயன்படும். பிரான்சின் ஈபிள் டவரில் 2024 பிப்ரவரியில் யு.பி.ஐ. அறிமுகமானது. அதே மாதம் இலங்கையிலும் மொரீஷியசிலும் வந்தது. சிங்கப்பூரின் பே நவ் வசதியுடன் 2023 பிப்ரவரி 21 அன்று இணைப்பு தொடங்கியது. இது ஒருவருக்கு ஒருவர் பணம் அனுப்புவதற்கானது. கடைகளில் பயன்படுத்த, யு.பி.ஐ. ஆப்பில் இன்டர்நேஷனல் என்ற பிரிவில் உங்கள் வங்கிக் கணக்கைத் தேர்ந்தெடுத்து ஆன் செய்திட வேண்டும். பணம் அனுப்பும் முன் ரூபாய் மதிப்பு திரையில் காட்டப்படும். இதிலும் மாற்றுக் கட்டணம் இருக்கலாம் என்பதால், ஓகே செய்யும் முன் கவனித்துப் பார்க்கவும். இதனை மட்டுமே நம்பிச் செல்ல வேண்டாம்.

நான்காம் திரை: ஸ்டேட்மென்ட்

கார்டைத் தேய்த்தவுடன் வரும் எஸ்.எம்.எஸ். தொகை இறுதியானது அல்ல. கணக்கில் பதிவாக இரண்டு, மூன்று நாட்கள் ஆகலாம். அப்போதைய விகிதமே கணக்கில் வரும். எனவே ஸ்டேட்மென்ட் வந்த பின் சரிபார்க்க வேண்டும்.

விசா, மாஸ்டர்கார்ட் இரண்டின் வெப்சைட்டுகளிலும் கரன்சி கால்குலேட்டர் உள்ளது. அதில் தேதி, தொகை, யூரோவிலிருந்து ரூபாய்க்கு என்பதை அமைக்கவும். வங்கிக் கட்டணம் என்று உள்ள கட்டத்தில் பூஜ்யம் தரவும். கிடைக்கும் தொகையுடன் உங்கள் கார்டின் மார்க்அப்பையும் அதற்கான ஜி.எஸ்.டி.யையும் சேர்த்தால், ஸ்டேட்மென்ட் தொகைக்கு ஏறத்தாழச் சமமாக வர வேண்டும். சில வங்கிகள் மார்க்அப்பையும் ஜி.எஸ்.டி.யையும் தனித்தனி வரிகளாகக் காட்டும். அவற்றையும் சேர்த்துப் பார்க்கவும்.

வெளிநாட்டு ஊரின் பெயர் இருந்து, யூரோ தொகை இல்லாமல் ரூபாய்த் தொகை மட்டும் இருந்தால், அது டி.சி.சி. முறையில் சென்றிருக்கக் கூடும். ரசீதை எடுத்துப் பார்க்கவும். உங்களைக் கேட்காமல் மாற்றியிருந்தால் ரசீதுடன் வங்கியில் எழுத்து மூலம் புகார் தரலாம். 30 நாட்களில் தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனை அணுகலாம்.

நீங்கள் செய்யாத பரிமாற்றம் ஒன்று தெரிந்தால், முதல் வேலை மொபைல் ஆப்பில் கார்டை பிளாக் செய்வது. இரண்டாவது, வங்கிக்குத் தெரிவித்துப் புகார் எண் பெறுவது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை, நம் தவறோ வங்கியின் தவறோ இல்லாத மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை என்று கூறியது. தாமதம் ஆக ஆக நம் பொறுப்பு கூடும். ஊர் திரும்பிய பின் பார்த்துக் கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது.

விதிகள் சில

சொந்தப் பயணமாகச் செல்பவர்கள் எல்.ஆர்.எஸ். என்ற ரிசர்வ் வங்கித் திட்டத்தின் கீழ் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை பயன்படுத்தலாம். இத்திட்டம் 2004இல் 25,000 டாலருடன் தொடங்கியது. டெபிட் கார்ட், பாரக்ஸ் கார்ட் செலவுகள் இதில் சேரும். டி.சி.எஸ். வரி பற்றிப் பலர் கேட்கிறார்கள். 2025 ஏப்ரல் முதல், சொந்தப் பயணச் செலவிற்கு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை இவ்வரி இல்லை. ஒரு மாதப் பயணத்திற்குச் செல்பவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. நிறுவனம் தன் பணிக்காக அனுப்பி, செலவையும் ஏற்கும்போது அது உங்கள் எல்.ஆர்.எஸ். வரம்பில் வராது.

வெளிநாட்டு நோட்டாக, பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்தில் 3,000 டாலர் மதிப்பு வரை எடுத்துச் செல்லலாம். இறங்கியவுடன் டாக்சிக்கும் சாப்பாட்டிற்கும் 100, 150 யூரோ கையில் இருந்தால், விமான நிலைய ஏ.டி.எம்.மை நாட வேண்டியிருக்காது.

திரும்பி வந்த பின்

மொபைல் ஆப்பில் இன்டர்நேஷனல் சுவிட்சுகள் அனைத்தையும் ஆப் செய்திடவும். பலரும் மறந்துவிடுவது இதுதான். அங்கு ஏதோ ஒரு கடையில் திருடப்பட்ட கார்ட் விவரம் பல மாதம் கழித்துப் பயன்படுத்தப்படலாம். சுவிட்ச் ஆப் ஆகியிருந்தால் அந்த முயற்சி அங்கேயே நின்றுவிடும். பாரக்ஸ் கார்டில் மீதமுள்ள தொகையைப் பார்க்கவும். 2,000 டாலர் மதிப்பிற்கு மேல் உள்ள அன்னியச் செலாவணியை, திரும்பிய 180 நாட்களுக்குள் வங்கியில் ஒப்படைக்க வேண்டும். நிறுவனத்தில் செலவுக் கணக்கு தரும்போது ஏ.டி.எம். ரசீது, ஸ்டேட்மென்ட் இரண்டையும் இணைக்கவும். மார்க்அப்பையும் ஏ.டி.எம். கட்டணத்தையும் நிறுவனம் திருப்பித் தருமா என்பதைப் புறப்படும் முன்னரே அக்கவுண்ட்ஸ் பிரிவில் கேட்டு வைத்துக் கொண்டால் பிறகு சிக்கல் இல்லை.

உங்கள் பிள்ளையோ சகோதரரோ முதல் முறையாக வெளிநாடு புறப்படுகிறார் என்றால், பெட்டி கட்டும் நாளில் அவருடன் பத்து நிமிடம் உட்கார்ந்து மொபைல் ஆப்பைத் திறந்து சுவிட்சுகளையும் வரம்புகளையும் அமைத்துக் கொடுங்கள். கூடவே ஒரு சீட்டில் "ரூபாய் வேண்டாம், அந்த நாட்டுப் பணம்தான்" என்று எழுதி கார்ட் உறையில் வைத்து அனுப்புங்கள். அவசரத்தில் திரையைப் படிக்க முடியாத நேரத்தில் அந்தச் சீட்டு கை கொடுக்கும்.